சீழ்க்கை

நேற்று ஆறு இருந்த இடத்தில்
இன்று ஆறு இல்லை.
ஸ்கெய்தாரா மணல்வெளியில்
எதற்கும் நிலையான முகவரி கிடையாது.
வட்னா பனிமலை இரவில் புரண்டு படுத்தால்
காலையில் ஏழெட்டு ஆறுகள்
படுக்கை மாற்றிக் கிடக்கும்
கறுப்பு மணலில்.

ஆட்களை ஆறு கடத்துவது அப்பாவின் பிழைப்பு.
தபால்காரர், பாதிரியார்,
ஒருமுறை ஒரு பியானோ,
கழற்றி, நான்கு குதிரைகளில்.
கடத்துகிறவர் மகளை
யாரும் கடத்திப் போகவில்லை.
நான்தான் கடத்திப் போனேன்
இஸ்லேவூரை.

அக்கரைக்காரன். ஆட்டு மயிர் கத்தரிக்க வந்தவன்.
தண்ணீரைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வான்.
மூடியே வைத்திரு என்றேன்.
அவன் ஏறிய பெண்குதிரையின் கயிற்றை
என் சேணத்தில் முடிந்தேன்.
எனக்கு அப்பாவின் ஸ்கியோனி,
வெள்ளையும் பழுப்புமாய்த் திட்டுத் திட்டாக,
வெள்ளத்தின் கனத்தை
முழங்காலால் நிறுத்துப் பார்க்கிற குதிரை.

ஓடிப்போக இருட்டு வேண்டுமாம்.
ஜூனில் இருட்டுக்கு எங்கே போவது?
நள்ளிரவு, பால் நிறத்தில் வானம்.
எந்த ஜன்னலில் நின்றாலும்
நாங்கள் தெரிந்திருப்போம்,
இரண்டு குதிரை, இரண்டு திருடர்கள்.
ஸ்கூவாப் பறவைகள் வேறு
தலைமேல் பாய்ந்து பாய்ந்து
ஊரைக் கூட்டின.

மூன்றாவது ஆற்றில் வாடை மாறியது.
கிழித்த தீக்குச்சி, கெட்ட முட்டை.
விரலைப் பார்த்தேன்.
இஸ்லேவூர் காலையில் போட்ட வெள்ளி மோதிரம்
கறுத்துக்கொண்டிருந்தது.
பனிக்கு அடியில் நெருப்பு விழித்திருக்கிறது.
அவனிடம் சொல்லவில்லை.

நடு ஆற்றுத் திட்டில் ஏறித் திரும்பினால்
கரையில் அப்பா.
நடந்தே வந்திருக்கிறார்,
குதிரை என்னிடம் இருக்க வேறென்ன செய்வார்.
எங்களுக்கு இடையில் தண்ணீர்
சாம்பல் நிறத்தில் தடித்துக்கொண்டே போனது.
கன்றுக்குட்டி அளவு ஒரு பனிக்கட்டி
அவசரமே இல்லாமல் உருண்டு போனது.

அப்பா இரண்டு விரலை வாயில் வைத்தார்.

அந்தச் சீழ்க்கை கேட்டால்
ஸ்கியோனி எந்த வெள்ளத்திலும் திரும்பும்,
முதுகில் யார் இருந்தாலும்.

குதிரையின் இடது காது
பின்னால் திரும்பியது.
நான் கடிவாளத்தைத் தொடவில்லை.
தொட்டு என்ன?
காற்று.
காது முன்னால் வந்தது.
மீதி ஆற்றில் அது இறங்கியது.

ஊதினார் என்கிறான் இஸ்லேவூர்.
கண் மூடியவனுக்குக் காது கூர்மையாம்.
ஊதவில்லை, விரலை எடுத்துவிட்டார்,
அதே விரலால் மூக்கைத் துடைத்தார்,
நான் பார்த்தேன் என்கிறேன்.
பதினொரு வருடமாக இந்தச் சண்டை
உருளைக்கிழங்கு உரிக்கும்போதெல்லாம்.

அந்த இலையுதிர் காலத்தில் தபாலில் ஒரு சீட்டு.
அப்பாவின் கோணல் எழுத்து.
'ஆறு கடத்திய கூலி. ஆள் இரண்டு. பாக்கி.'
குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கட்டிவிடலாம் என்கிறான் இஸ்லேவூர்.
மாவு டப்பாவுக்குப் பின்னால்
செருகி வைத்திருக்கிறேன்.
இருக்கட்டும்.