சரிபார்த்தவர்

டைக்ரோமேட் வாங்கிய பில்லின் பின்பக்கத்தில்
கணக்குப் போட்டேன்.
இரண்டு வருடக் கட்டணம் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
வேலையை விட்டால் நின்றுபோகிற சம்பளம்
பதினாறாயிரத்து ஐந்நூறு, பெருக்கல் இருபத்து நாலு.
வாலாஜாவிலிருந்து காட்பாடிக்குத் தினம் பஸ்.
கடனுக்கு வட்டி.
பாதியில் நீலப் பேனா தீர்ந்து
சிவப்பில் தொடர்ந்தேன்.
ஐந்தரை லட்சத்தில் வந்து நின்றது.

பேருக்குப் பின்னால் எம்.எஸ்சி. என்று இருந்தால்
கம்பெனியில் நாலாயிரம் கூட்டித் தருவார்கள்.
நாலாயிரம் நாலாயிரமாய்
பதினொன்றரை வருடம்.
போட்ட காசு திரும்பி வருகிற அன்று
எனக்கு நாற்பத்திரண்டரை வயது.

"இன்னாமே கணக்கு இது" என்றாள் ஷமீலா.
"ராஜா இல்லாத கோட்ட, தண்ணி இல்லாத ஆறுன்னு
ஏற்கெனவே பேசிக்கினு கீறாங்க.
நீ வேற வேல இல்லாத டிகிரி ஒண்ணக் கொண்டாந்து வெக்காத."
அவள் எம்.எஸ்சி. இயற்பியல்.
மேல்விஷாரத்தில் ஷூ மேல்பாகம் தைக்கிற கம்பெனியில்
வருகைப் பதிவேடு பார்க்கிறாள்.
நூற்று நாற்பது பெண்கள்,
யார் எப்போது பாத்ரூம் போனார்கள் என்பது வரை.

வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்றார்,
சாம்பாரைப் பார்த்துக்கொண்டு.
அந்த இரண்டு சொல்லுக்கு
நூற்றுக்கு எத்தனை வட்டி என்று
எந்த வங்கியும் போர்டில் எழுதி வைப்பதில்லை.

ஆனால் நான் கணக்குப் போட்டது பணத்துக்காக இல்லை.

ராணிப்பேட்டையில் எங்கள் ஆய்வகம்
ஒரு சின்ன அறை, ஓடாத ஏசி.
தோல் ஷாப்புகளின் கழிவு நீர்
கேனில் வரும், பாட்டிலில் வரும்,
ஒருமுறை ஊறுகாய் ஜாடியில் வந்தது.
வினைப்பொருள் விட்டதும்
குரோமியம் இருந்தால் ஊதா ஏறும்.
எவ்வளவு ஊதாவோ அவ்வளவு விஷம்.
கருவி எண்ணைச் சொல்வதற்கு முன்பே
என் கண் சொல்லிவிடும், ஆறு வருடப் பழக்கம்.

அறிக்கையின் அடியில் இரண்டு கட்டம்.
'சோதித்தவர்', அதில் என் சுருக்கெழுத்து.
'சரிபார்த்தவர்', அதில் ஏகாம்பரம் சார், எம்.எஸ்சி.
அவர் கையெழுத்து இல்லாமல்
என் ஊதா, ஊதாவே இல்லை.

அந்த இரண்டாவது கட்டத்துக்குத்தான்
ஐந்தரை லட்சம் என்று நினைத்திருந்தேன்.

போன செவ்வாய் வந்த ஒரு மாதிரியில்
2.9 என்று எழுதிக் கொடுத்தேன்.
இரண்டுக்கு மேல் போகக் கூடாது.
மாலையில் அச்சாகி வந்ததில் 1.8.
ஏகாம்பரம் சார் என்னைப் பார்க்காமல்
"டீ சொல்லட்டுமா ரேணுகா" என்றார்.
கெட்ட மனிதர் இல்லை.
மழை நாளில் பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் விடுவார்.
அவரும் என்றோ ஒரு பில்லின் பின்பக்கத்தில்
கணக்குப் போட்டிருப்பார்.
அவர் டிகிரிக்கு என்ன கட்டினார் என்று கேட்டதில்லை.
இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது.

டீ குடித்தேன். சர்க்கரை அதிகம்.

சனிக்கிழமை எல்லாரும் போன பிறகு
ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த அதே மாதிரியை எடுத்து
மறுபடி செய்தேன்.
2.9.
மறுபடி. 2.9.
மூன்றாவது தரம் 3.0, கை நடுங்கியிருக்கலாம்.
என் சொந்த நோட்டில், தேதி போட்டு,
சுருக்காமல் முழுப் பெயரும் எழுதினேன்.
இதற்கு பி.எஸ்சி. போதும்.
இந்த நோட்டை யார் கேட்பார்கள் என்பது வேறு விஷயம்.

பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது, நெரிசல்.
கீழே மணல், மணலில் ஒரு கிரிக்கெட் ஆட்டம்.
போனில் விண்ணப்பத்தைத் திறந்தேன்.
'இப்படிப்பில் சேர விரும்புவது ஏன்?
ஐம்பது சொற்களுக்குள்.'
நாலாயிரம் என்று அடித்தேன், அழித்தேன்.
கையெழுத்து என்று அடித்தேன், அழித்தேன்.
நாளைக்கு அந்த நாற்காலியில் நான் இருந்து
இன்னொருத்தி 2.9 கொண்டுவந்து நீட்டினால்?
அதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் தாள் வைப்பதில்லை.

கட்டம் காலியாகவே இருந்தது.
விண்ணப்பக் கட்டணம் ஐந்நூறை மட்டும் கட்டினேன்.
'திருப்பித் தரப்பட மாட்டாது' என்று வந்தது.
பில்லின் பின்பக்கத்தில்
அதைச் சேர்க்கவில்லை.