தடைக்கம்பு

மூன்று வீடு உடைத்த பிறகுதான்
தாமான் செரோஜாவுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது.
முதல் வீட்டில் எரிவாயுத் தோம்பு.
இரண்டாவதில் தாலி.
மூன்றாவதில் ஒன்றும் போகவில்லை.
குளிர்பெட்டியைத் திறந்து பால் குடித்துவிட்டு
டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துப் போயிருந்தான்.
அதற்குத்தான் எல்லாரும் அதிகம் பயந்தோம்.

பாலர் பள்ளியில் கூட்டம்.
பிள்ளைகளின் நாற்காலியில்
முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து
ஓர் அரசாங்கம் அமைத்தோம்.
செயலாளர் கதிரேசு ஒவ்வொரு விதியையும்
மலாயில் வாசித்துத் தமிழில் பெருமூச்சு விட்டார்.
மாதம் அறுபது வெள்ளி.
பதினொன்றுக்கு மேல் பின்வாசல் பூட்டு.
விருந்தாளியின் அடையாள அட்டை ஜாகாவிடம்.
போகிற நேரம் வருகிற நேரம் புத்தகத்தில்.

யார் புத்தகம் என்றேன்.
நம்ம புத்தகம்தான் என்றார்.
அந்த ‘நம்ம’வுக்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று
எண்ணி முடிப்பதற்குள்
பேனா என்னிடம் வந்துவிட்டது.
நாற்பத்து மூன்றாவது கையெழுத்து.
யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.
அந்தக் கழுவிய டம்ளர்தான் இழுத்தது.

செம்பனை ஆலையில் எனக்கு எடைமேடை வேலை.
லோரி நிறைந்து உள்ளே வரும், வெறுமையாய் வெளியே போகும்.
இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பழம்.
இதையும் அப்படி நிறுத்துப் பார்த்தேன்:
கையெழுத்துக்கு முன் நான்,
பின் நான்.
கழித்தால் வருவது
தூக்கமா, வேறெதுவுமா?
எண் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

தூக்கம் வந்தது என்பது உண்மை.
புத்தகமும் வந்தது.
*23.40. நவமலர். சிவப்பு மைவி.*
*23.35. நவமலர்.*
*00.55. நவமலர். உடன் ஒருவர்.*
மறுநாள் மளிகைக்கடையில்
கதிரேசின் மனைவி வெங்காயம் பொறுக்கிக்கொண்டே
“நேத்து ரொம்ப லேட்டோ?” என்றாள்.
அன்பாகத்தான் கேட்டாள்.
அதுதான் தாங்கவில்லை.

அவசரகாலத்தில் லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களில்
முள்வேலி இருந்ததாம்.
இருட்டினால் கதவு. அரிசி அளந்து.
அந்த வேலிக்கு யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.
இந்த வேலிக்கு நாமே ரசீது வாங்குகிறோம்.
முன்னேற்றம் என்கிறார் கதிரேசு.
மறுக்க வார்த்தை தேடிக்கொண்டே
இந்த மாத அறுபதையும் கட்டிவிட்டேன்.

ஜாகாவின் பெயர் தில் பகதூர்.
ஐம்பத்தொரு வீட்டுத் தூக்கத்துக்கும்
ஒரே ஆளாய் விழித்திருக்கிறான்.
அவன் கடப்பிதழ் சிகாமட்டில்
கம்பெனி மேசை இழுப்பறைக்குள்.
அவனும் கையெழுத்துப் போட்டவன்தான்,
வாசிக்கத் தெரியாத மொழியில்.
அவன் போகிற நேரம் வருகிற நேரம் எழுத
எந்தப் புத்தகமும் இல்லை.
அவன் போவதே இல்லை.

கையெழுத்துப் போடாத ஒரே வீடு வடமலையுடையது.
கோலாலம்பூருக்குப் பலகை ஏற்றும் லோரிக்காரர்.
“பயத்துக்குச் சந்தா கட்ட மாட்டேன்,” ஒரே வரி.
கட்டாதவருக்கு ஜாகா கம்பு தூக்கக் கூடாது. விதி ஒன்பது.
நான்தான் வழிமொழிந்தேன்.

நேற்று மழை.
தூக்கம் கலைந்து ஜன்னலில் நின்றேன்.
வடமலை மோட்டாரை நிறுத்தி இறங்கினார்.
குடைக்குள் தில் பகதூர்
விதிப்படி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.
நனைந்தபடி அவரே கம்பைத் தூக்கினார்,
மோட்டாரைத் தள்ளி உள்ளே நிறுத்தினார்.

பிறகு திரும்பி நடந்து வந்து
கம்பை இறக்கினார்.
கொக்கி விழுந்ததா என்று
ஒருமுறை ஆட்டியும் பார்த்தார்.

தூக்கச் சொல்லித்தான் விதி இருந்தது.
இறக்கச் சொல்லி
நாங்கள் எதுவும் எழுதியிருக்கவில்லை.