இறக்கம்

ஏறும்போது நெஞ்சுதான் வலித்தது.
தெலுக் பஹாங்கில் இருட்டோடு தொடங்கி
கொடிமலை உச்சியில் கடலைப் பார்த்தபடி
ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம் பிரித்தபோதுகூட
கால் என்று ஒன்று இருப்பதே நினைவில்லை.

தண்ணீர்மலைப் பக்கம் இறங்கினோம்.
இறக்கத்துக்கு இரக்கமில்லை.
ஜீப் பாதையின் வளைவுக்கு வளைவு
பெருவிரல் போய்ச் சப்பாத்தின் சுவரில் முட்டியது,
வாடகை பாக்கிக்குக் கதவைத் தட்டுகிறவன் மாதிரி.

தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு
ஐந்நூறு படி ஏறி இறங்கும் கால்.
நூற்றெண்பது வெள்ளிச் சப்பாத்துக்குள்
தோற்றுப்போனது.

மறுநாள் காலை
கட்டிலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழம்.
அதன் அடியில் யாரோ
கண்ணாடித் துண்டு வைத்திருந்தார்கள்.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் அன்றைக்கென்று லிஃப்ட் பழுது.
ஆறு மாடியும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
பின்பக்கமாகவே இறங்கினேன்.
மூன்றாம் மாடிப் பையன் பள்ளிப்பையோடு நின்று
"ஏன் அக்கா ரிவர்ஸ்?" என்றான்.

பாயான் லெப்பாஸில், லைனில்,
எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள்.
பதினான்கு வருஷமாக
அது ஸ்டோரில்தான் இருந்திருக்கிறது.

கிளினிக்கில் நூருல் சொன்னபடி
உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைக்
குதிகாலுக்கு அடியில் உருட்டினேன்.
யாரும் எடுத்துக் குடித்துவிடாமலிருக்க
மூடியில் சிவப்பு நூல் கட்டினேன்.

தனசீலன் காமாட் எண்ணெய் வாங்கி வந்தார்.
"இந்த வயதில் உனக்கு மலை ஒரு கேடா"
என்று அவர் சொல்லவில்லை, உதடு சொன்னது.
இருபத்திரண்டு வருஷத்தில்
என் கால் அவர் மடியில் ஏறியது இதுதான் முதல்முறை.
எங்கே பார்ப்பதென்று இருவருக்குமே தெரியவில்லை.
நல்லவேளை, டிவியில் செய்தி ஓடியது.

ஹூய் லெங் தன் நகத்தைப் படம் பிடித்து அனுப்பினாள்.
"என்னது ஊதா. உன்னது?"
கறுப்பு, என்றேன்,
கொஞ்சம் பெருமையாகத்தான்.

ஏழாவது வாரம், குளிக்கையில்
அந்தக் கறுப்பு நகம் வலிக்காமல் கழன்று
தண்ணீரோடு சல்லடை வரை போய் நின்றது.
அடியில் இன்னொன்று,
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்
பாதிக்குமேல் வளர்ந்திருந்தது.

டிசம்பரில் மறுபடி போகலாமா என்கிறாள் ஹூய் லெங்.
இன்னும் பதில் போடவில்லை.
கொம்தாரில் அரை அளவு பெரிய சப்பாத்து
ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

லிஃப்ட் சரியாகி ஒரு மாதமாகிறது.
இன்று படியில் இறங்கினேன்,
முன்பக்கமாக, கைப்பிடியைத் தொடாமல்.
மூன்றாம் மாடியில் கொஞ்சம் நின்றேன்.
அந்தப் பையனைக் காணோம்.