வெற்றெடை

பதினெட்டு வருடமாய்த் தபால் போடுகிறேன்
ஸ்மோலாந்தின் மண்சாலைகளில்.
பார்சலைத் தூக்கினால் போதும்,
தராசுக்கு முன் கை சொல்லிவிடும்:
ஒரு கிலோ இருநூறு,
உள்ளே கம்பளி நூல், ஓரத்தில் ஏதோ கண்ணாடி.

அதனால் கடைக்காரி தூவா
'மூன்று கிலோ எழுநூறுதான்' என்று
ரம்பத்தை நீட்டியபோது சிரித்துவிட்டேன்.
பெட்ரோல் ஊற்றாமல், எண்ணெய் ஊற்றாமல்,
அலகும் சங்கிலியும் பூட்டாமல் நிறுத்த எடை அது.
ஆளைச் சட்டை கழற்றிப் பட்டினி போட்டு
நிறுத்த மாதிரி.
'எல்லாவற்றையும் நிரப்பிக் கொடு' என்றேன்.
நிரப்பினாள். அவளும் சிரித்தாள்.

வண்டு துளைத்த ஸ்ப்ரூஸ், இருபத்தாறு மரம்.
வீழ்த்துவது எவெர்ட்,
பன்றிக்குட்டி கனத்தில் ஒரு ரம்பத்தோடு.
அது வெட்டு ஒன்று துண்டு இரண்டு.
ஆப்பு மாதிரி ஒரு வாய் பிளந்து,
பின்னால் ஒரு கோடு, அவ்வளவுதான்.
மரம் படுத்துவிடும்; அவர் காப்பி குடிக்கப் போய்விடுவார்.
கிளை கழிப்பது ஊர்வம்பு மாதிரி.
ஒன்றை அறுத்தால் அடுத்தது காத்திருக்கும்.
ஒரு மரத்தில் நூற்றுப்பத்து எண்ணினேன்,
பிறகு எண்ணுவதை விட்டேன்.
நூறு கிராம் கூடினால்
நூற்றுப்பத்து முறை கூடும்.
இடது மணிக்கட்டில்
எனக்கு ஏற்கனவே ஒரு தகடு இருக்கிறது,
யாரோ உப்புத் தூவ மறந்த தபால்பெட்டியடியில் வாங்கியது.

அலமாரியின் மூலையில் இருந்தது
இருப்பதிலேயே குட்டி.
பிடி உச்சியில், பூனையைத் தூக்குவது போல.
கை உடனே சரி என்றது.
தூவா அதைப் பிடுங்கி
மறுபடி மேலே வைத்தாள்.
'இது மரத்தில் ஏறித் தொங்குகிறவர்களுக்கு.
தரையில் நிற்கிறவருக்கு விற்கமாட்டேன்.
ஒற்றைக் கையில் பிடி, பிடி என்று கூப்பிடும்.
அலகின் மூக்கு ஒரு குச்சியில் இடித்தால்
நேரே நெற்றிக்கு வரும்.'
வாரக்கடைசியில் அவளே கயிற்றில் தொங்குகிறவள்.
இருந்தும் வாதாடிப் பார்த்தேன்.
தோற்றேன்.

பேட்டரியில் ஓடுவது சத்தமில்லை, புகையில்லை.
என் தபால் வண்டியும் பேட்டரிதான்.
ஜனவரியில் அது எப்படி முகம் திருப்பும் என்று
அவளுக்கு நான் சொன்னேன்.

முப்பது சென்டிமீட்டர் அலகு ஒன்று.
கடைக்குப் பின்னால் முக்காலியில் கிடந்த கட்டையில்
எஞ்சினை முடுக்காமல் நடந்து பார்த்தேன்.
நான் ஆறடி.
ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கும்பிடு போட வேண்டியிருந்தது.
இறைவனுக்கே நான் இத்தனை முறை குனிந்ததில்லை.
கையில் மிச்சம் பிடிப்பதை
முதுகில் வசூலிக்கிற கணக்கு.

கடைசியில் எடுத்தது எட்டு சென்டிமீட்டர் நீளம்.
நிரப்பினால் ஐந்து கிலோ நாற்பது.
'தூக்காதே, உருட்டு' என்றாள்.
அடிமரத்தின் மேல் உட்காரவைத்து நகர்த்தினால்
சுமப்பது மரம்.
நமக்கு அப்பால் கிளை, நடுவில் மரம், இப்பால் கால்.
விலையைச் சொல்லமாட்டேன்,
எவெர்ட் இதைக் கேட்டால் நெஞ்சைப் பிடிப்பார்.

சனிக்கிழமை நான்கு மரம்.
வளைந்து மண்ணில் முட்டி நின்ற ஒரு கிளை
அடியில் அறுத்ததும் சடாரென நிமிர்ந்து
தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது.
அதன்பின் ஒவ்வொன்றையும்
எந்தப் பக்கம் கோபமாயிருக்கிறாய் என்று
பார்த்துவிட்டே தொட்டேன்.
பிசின் கையுறையைத் தாண்டி வந்தது.

மாலை தொட்டி காலி.
வழக்கம்போல் கையில் தூக்கிக் கேட்டேன்.
ஏழு கிலோ என்றது.
தராசில் நாலரை.

திங்கட்கிழமை எவெர்ட்டுக்கு ஒரு பார்சல்.
மூன்று கிலோ என்றது கை.
சீட்டைப் படித்தேன்: எண்ணூறு கிராம், விதைகள்.
அதை அவர் பெட்டியில் போட்டுவிட்டு
இன்னும் இருபத்திரண்டு என்று
சத்தமாகவே சொன்னேன்.