மணிக்கட்டு

ஸ்டான்லி ஆஸ்பத்திரி. மதியம்.
மஃப்டியில் ஒரு ஏட்டு,
வயதைக் கண்டறியக் கோரி குழுமத்தின் கடிதம்.

தேசிங்குக்குப் பள்ளிச் சான்று இல்லை.
"சுறா மலிஞ்ச வருஷம் பொறந்தான் சார்,
தெருவெல்லாம் புட்டு வாசனை"
என்கிறாள் காசிமேட்டிலிருந்து வந்த அம்மா.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கயிற்றைக் கழட்டு என்றேன்.
முடிச்சு இறுகியிருந்தது,
பல்லால் கடித்து இழுத்தான்.

டோல்கேட்டில் பைக் பூட்டை
உடைத்ததாம் இந்தக் கை.
தகட்டின் மேல் சும்மா கிடந்தது,
நகக்கண்ணில் இன்னும் கிரீஸ்.

"வலிக்குமாண்ணா?"
அசையாதே.

திரையில்
ஆரை எலும்பின் முனையோரம்
மயிரிழை அகலத்தில் ஓர் இருட்டு.
மூடியிருந்தால் புழல்.
மூடாவிட்டால் ராயபுரம் இல்லம்.
மூடியதா என்று டாக்டர் எழுதுவார்,
நான் படம் எடுப்பவன்.

முடிந்தது, எழுந்திரு என்றேன்.
கையை
அவன் எடுக்கவில்லை.