மூன்றாம் வளைவு

தேவனாம்பட்டினம், விடிகாலை.
இருபத்துநாலு மணல் மூட்டைகளுக்கு
பெல்ட் மாட்டிவிடுகிறேன்.
அவை அலறாது, செல்ஃபி எடுக்காது,
கையை வெளியே நீட்டாது.
நல்ல சனங்கள்.

சங்கிலி இழுக்க இழுக்க ரயில் ஏறுகிறது.
உச்சியில் ஒரு நொடி கடல்.
அப்புறம் விழுகின்றன மூட்டைகள்.
மூன்றாம் வளைவில்
நேற்றில்லாத ஒரு சத்தம்,
சோற்றில் கல் கடிபட்டாற்போல.

இங்கே உப்புக்காத்து சும்மா வீசாது,
இரும்பை நக்கிப் பார்த்துவிட்டுத்தான் போகும்.
அஞ்சாப்புலி மேலேறி
ஸ்பேனரால் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டினான்.
கீழே நின்று காது கொடுத்தேன்.
முப்பத்தொன்பது கணீர்.
நாற்பதாவது
சொத்.

மாசி மகம் வேறு.
சாமிகளெல்லாம் கடலுக்கு வந்துவிட்டன.
பத்து மணிக்கே வரிசை
சுண்டல் வண்டியைத் தாண்டிவிட்டது.
போனில் முதலாளி:
"ஒரே ஒரு போல்ட்டுதானேம்மா?"
ஆமா சார். ஒண்ணே ஒண்ணுதான்.
சாவி என் இடுப்பில்.

நெய்வேலியிலிருந்து பைக்கில்
புது போல்ட் வந்து சேர மணி மூன்று.
அதுவரை வாங்கிய வசவில்
பாதி எனக்கே புதுசு.

திரும்ப மூட்டைகள். திரும்பக் காது.
பிறகு மனுசர்கள், அலறிக்கொண்டு.

இறங்கிய பையன் ஒருவன்
உதட்டைப் பிதுக்கினான்:
"இதுக்கா இவ்ளோ நேரம்? பயமாவே இல்ல."

ராத்திரி பதிவேடு.
பழுது: போல்ட் ஒன்று, மாற்றியாச்சு.
சம்பவம்: இல்லை.
கிரீஸ் விரல் பட்டு
அந்த 'இல்லை' மட்டும்
கொஞ்சம் கறுத்துவிட்டது.