கூரைக்குச் சொந்தக்காரன்

கால்கரியில் ஆலங்கட்டி விழுந்த மறுநாள்
எனக்குப் போன் ஓயாது.
எலுமிச்சை அளவு என்பார் ஒருவர்,
கோழிமுட்டை என்பார் அடுத்த வீட்டுக்காரர்.
இன்சூரன்ஸ் ஆள் வந்து சேர்வதற்குள்
கல் இன்னும் கொஞ்சம் பருத்திருக்கும்.
ஏணி சாய்த்து ஏறி
அடிபட்ட ஷிங்கிள்களைச் சாக்கட்டியால் வட்டமிடுவேன்.
பதினேழு வருஷமாக இதுதான் பிழைப்பு.

அதனாலோ என்னவோ
போதகர் எட்வின் அந்தத் திமிர்வாதக்காரன் கதையை எடுத்தாலே
என் கண் மேலே போய்விடுகிறது.
பள்ளிக்கூட ஜிம்மில் எங்கள் ஆராதனை.
கூடைப்பந்து வளையத்தின் கீழ் நின்று
அவர் அந்த நால்வரைப் புகழ்வார்:
கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போகாதவர்கள்,
படுக்கையோடு மேலே ஏறியவர்கள்.
"நீ யாரைச் சுமக்கிறாய்?" என்பார்.
ஆமென் என்போம்.

நான் மட்டும் கணக்கில் இருப்பேன்.
மரச்சட்டம், நாணல், மிதித்து இறுக்கிய களிமண்.
ஓர் ஆள் படுத்தபடி இறங்க
ஆறடிக்கு மூன்றடியாவது வேண்டும்.
பூசிய மண் காய நாலு நாள்,
அதுவும் மழை வராவிட்டால்.
குணமானவன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.
சுமந்தவர்கள் அவன் பின்னால் ஆடிக்கொண்டே போயிருப்பார்கள்.
துடைப்பத்தோடு நின்றது யார்?
மூன்று சுவிசேஷத்திலும் தேடினேன், பேர் இல்லை.
பேதுரு வீடாக இருக்கலாம் என்றார் போதகர்.
அப்படியானால் பாவம்,
காய்ச்சல் விட்டு எழுந்த மாமியார்தான்
அன்றைக்கும் பெருக்கியிருக்க வேண்டும்.

போன ஜனவரி. மைனஸ் முப்பத்திரண்டு.
எங்கள் பேஸ்மென்ட்டில் குடியிருந்த எரித்திரியப் பையன் தெஸ்பாய்.
"கீழே குழாய்ச் சத்தமே இல்லையே" என்றாள் ஜெயசீலி.
தட்டினோம். சாவி திரும்பியது,
உள்ளே சங்கிலியும் தாழும்.
ஆறாவது நிமிஷம் தீயணைப்பு வண்டி.
இரும்புக் கம்பியின் ஒரே நெம்பு,
சட்டத்தோடு பிளந்தது கதவு.
இலையுதிர் காலத்தில் நானே மாட்டியது,
எண்ணூற்று நாற்பது டாலர்,
நிறம் ஜெயசீலி பார்த்துச் சொன்னது.
சத்தியமாகச் சொல்கிறேன்,
என் வாயில் முதலில் வந்தது "ஆண்டவரே" அல்ல,
"அடப்பாவிகளா".

சர்க்கரை ஏறி நினைவில்லாமல் கிடந்தவனை
குறுகிய படியில் சரித்துத் தூக்கிப் போனார்கள்.
நாலு பேர்.
அதைப் பிறகுதான் எண்ணினேன்.

ஆம்புலன்ஸ் போனபின்
குளிர் உள்ளே வந்து படியில் உட்கார்ந்தது.
நள்ளிரவு இரண்டு மணிக்கு பிளைவுட் அடித்தேன்,
ஆணி விரலில் ஒட்டியது.
டார்ச் பிடித்து நின்றவள் ஒன்றையே சொன்னாள்:
"மூச்சு இருந்தது, பார்த்தீங்கல்ல."
டேப்பை இழுத்து, எண்பதுக்கு முப்பத்தாறு என்றேன்.
அதற்கு மேல் ஜெபம் எனக்கு வரவில்லை.

படுத்த பிறகும் இடுக்கில் காற்று விசிலடித்தது.
அந்த வீட்டுக்காரனை நினைத்தேன்.
தலையில் மண் உதிர்ந்தபோது
இயேசு நிமிர்ந்து பார்த்தார்,
அவர்கள் விசுவாசத்தைக் கண்டார்; எழுதியிருக்கிறது.
பக்கத்தில் இவனும் நிமிர்ந்திருப்பான்.
என்ன கண்டான்?
என்னைப் போல விலையைத்தான் கண்டிருந்தாலும்
நிறுத்து என்று கத்தவில்லை,
கத்தியிருந்தாலும்
எழுதியவர் அதை விட்டுவிட்டார்.
அன்றிரவு ஓட்டை வழியே
நட்சத்திரம் பார்த்துக்கொண்டு தூங்காமல் கிடந்தானோ?

மார்ச்சில் தெஸ்பாய் வந்தான், சட்டை தொளதொளவென்று.
மாதம் ஐம்பதாகத் தருகிறேன் என்றான், கதவுக்கு.
ஜெயசீலி சோறு போட்டாள்.
எனக்குப் பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம்,
முதல் ஐம்பதை வாங்கிக்கொண்டேன்.
இரண்டாவதை வாங்க முடியவில்லை.

புதுக் கதவும் நானே மாட்டினேன்.
எல்லாம் பழையபடி;
சங்கிலிக்கு மட்டும்
ஓட்டை போடவில்லை.